18446744073709551615: ஆறு தடவை மடிகிற எண்

கேள்வியை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கிண்ணியாவில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறீர்கள். ஒருநாள் கணினியில் கீரிச்சம்பா மூடைகளின் கையிருப்பு 18446744073709551615 என்று வந்திருக்கிறது. அதை வீட்டில் காட்டியபோது, சாதாரண தரம் படிக்கும் உங்கள் தங்கை சதுரங்கப் பலகையில் நெல் வைக்கிற கதையைப் புத்தகத்தில் எடுத்துக் காட்ட, அங்கேயும் இலக்கத்துக்கு இலக்கம் அதே எண். இது தற்செயலா, இந்த எண்ணுக்கு வேறு ஏதாவது விசேஷம் உண்டா, பாடசாலைக் கணித விழாவில் தங்கை இதை வைத்து ஏதாவது செய்யலாமா, கைபேசியில் பெருக்கிப் பார்த்தால் ஏன் கடைசி இலக்கங்கள் வேறாக வருகின்றன. நீங்கள் கேட்டவை நான்கு. ஆனால் உண்மையில் கேட்டிருப்பது ஒன்று என்றே எனக்குப் படுகிறது: ஓர் எண் சம்பந்தமில்லாத இரண்டு இடங்களில் ஏன் தலைகாட்ட வேண்டும்? திருகோணமலையில் பல காலம் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மென்பொருள் எனக்குத் தொழில் அல்ல, அந்தப் பகுதியில் என் பேச்சைக் கொஞ்சம் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தற்செயல் இல்லை. இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே கணக்கு. பலகையில் முதல் கட்டத்துக்கு 1 நெல், அடுத்ததற்கு 2, பிறகு 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 64 கட்டங்கள். கூட்டினால் 2⁶⁴ − 1. பெருக்கல் விருத்தி சூத்திரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 1+2 என்பது 4க்கு ஒன்று குறைவு, 1+2+4 என்பது 8க்கு ஒன்று குறைவு, இப்படியே போய் 64 கட்டங்களின் கூட்டு 65ஆவது கட்டத்துக்கு வர வேண்டிய நெல்லைவிட ஒன்று குறைவு. கணினிக்குள்ளும் 64 இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1 நிற்கலாம். வலப்பக்கத்திலிருந்து அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும். எல்லா இடத்திலும் 1 நின்றால் மதிப்பு அதே கூட்டுத்தொகைதான். பலகையின் எல்லாக் கட்டமும் நிரம்பியதும், கணினியின் எல்லா இடமும் நிரம்பியதும் ஒரே விஷயம்.

அப்படியானால் மூடைக் கணக்கில் அது ஏன் வந்தது? மோட்டார் சைக்கிளின் பழைய தூரமானி 00000இல் நிற்கும்போது சக்கரத்தைப் பின்னால் சுற்றினால் 99999 காட்டுமே, அதுதான் நடந்திருக்கிறது. கழித்தல் குறியையே அறியாத ஒரு வகை எண்ணில் கையிருப்பைச் சேமித்திருக்கிறார்கள். பூச்சியத்திலிருந்து ஒன்றைக் கழித்ததும் 64 இடமும் 1 ஆகிவிட்டது. இதில் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்று உண்டு. எண் 615இல் முடிந்தால் சரியாக ஒரு மூடை கூடுதலாக வெளியே போனதாகப் பதிவாகியிருக்கிறது. 614 என்றால் இரண்டு மூடை, 606 என்றால் பத்து. ஆகவே அந்த நாளின் பற்றுச்சீட்டுகளில் ஒரு மூடை வித்தியாசத்தைத் தேடுங்கள். ஆனால் இதை முடிந்த முடிபாகச் சொல்ல மாட்டேன். சில நிரல்களில் "தகவல் கிடைக்கவில்லை" என்பதற்கு அடையாளமாக −1 வைப்பார்கள், அதுவும் வெளியே இதே எண்ணாகத்தான் தெரியும். எது நடந்தது என்று அந்த மென்பொருளைச் செய்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கழிப்பதற்கு முன் கையிருப்பு போதுமா என்று சோதிக்கிற ஒரு வரியை அவர் சேர்த்தால் இது திரும்ப வராது.

எண்ணின் பருமனை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. நம் வழக்கப்படி சொன்னால் 1,84,467 கோடி கோடிக்குச் சற்று மேல். உங்கள் தொழிலிலேயே அளந்து பார்ப்போம். ஆயிரம் நெல்மணி சுமார் 25 கிராம் என்று வைக்கிறேன், கீரிச்சம்பா என்றால் இன்னும் குறையும். அப்போது ஒரு கிலோவுக்கு 40,000 மணிகள். பலகையின் முதல் 16 கட்டங்களில் விழுவது 65,535 மணிகள், அதாவது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அரைப் பலகை, 32 கட்டங்கள் முடியும்போது சுமார் 107 தொன், பத்துப் பதினொரு லொறிகள். தம்பலகாமத்துச் சந்தியில் நிறுத்தி எண்ணிவிடலாம். முழுப் பலகைக்கோ ஏறத்தாழ 46,100 கோடி தொன் வேண்டும். இலங்கையின் நல்லதொரு ஆண்டு விளைச்சல் சுமார் 50 இலட்சம் தொன். அந்தக் கணக்கில் 92,000 ஆண்டுகள் விதைத்து அறுக்க வேண்டும். உலகம் முழுவதும் விளைகிற நெல்லை எடுத்தாலும் கிட்டத்தட்ட 600 ஆண்டுகள். 50,000 தொன் கொள்ளும் கப்பல் ஒன்று நாளுக்கு ஒருமுறை நம் துறைமுகத்தில் இறக்கினால் இறக்கி முடிக்க 25,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மணியின் எடையை நான் உத்தேசமாகத்தான் எடுத்திருக்கிறேன், ஆகவே இந்த எடைகளும் ஆண்டுகளும் உத்தேசம். அரைப் பலகைக்கும் முழுப் பலகைக்கும் உள்ள விகிதம் மட்டும் உத்தேசமல்ல. முழுப் பலகை என்பது அரைப் பலகையைப் போல் 4,294,967,297 மடங்கு, ஒன்றுகூடக் கூடாது, குறையாது.

எண்ணின் விசேஷம் முழுக்க அந்த விகிதத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் பாதியின் ஒவ்வொரு கட்டத்திலும் முதல் பாதியின் நேர்க்கட்டத்தைப் போல் 2³² மடங்கு நெல். முதல் பாதியையும் சேர்த்தால் 2³² + 1 மடங்கு. ஆகவே நம் எண் = (2³² − 1) × (2³² + 1). சாதாரண தரத்தில் படிப்பிக்கிற இரு வர்க்கங்களின் வித்தியாசம், வேறொன்றும் இல்லை. இனி அரைப் பலகையையும் அதேபோல் மடியுங்கள்: 2³² − 1 = (2¹⁶ − 1)(2¹⁶ + 1). திரும்ப மடியுங்கள், திரும்பவும். 64 என்பதே 2ஐ ஆறு தடவை பெருக்கி வந்தது என்பதால் ஆறு தடவை மடிக்கலாம், கடைசியில் ஒரேயொரு கட்டமும் அதில் ஒரு நெல்லும் மிஞ்சும். ஒவ்வொரு மடிப்பும் ஒரு காரணியைத் தருகிறது. சிறியதிலிருந்து பார்த்தால் 3, 5, 17, 257, 65537, 4294967297. பலகையில் பார்த்தாலும் இது தெரியும். முதல் இரண்டு கட்டங்களில் 3 நெல், நான்கில் 3 × 5 = 15, ஒரு முழு வரிசையில் 3 × 5 × 17 = 255, இரண்டு வரிசையில் 65,535, நான்கு வரிசையில் 4,294,967,295. சதுரங்கப் பலகைக்கு ஒன்பது வரிசை இருந்திருந்தால், 81 கட்டங்களில் இப்படி ஒழுங்காக மடிக்க முடியாது, இந்தக் காரணிகளும் வந்திருக்காது.

இந்த ஆறு எண்களும் கணிதத்தில் பெயர் பெற்றவை. பெர்மா எண்கள் என்பார்கள்; 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1 என்று சுட்டி இரட்டித்துக்கொண்டே இந்த வரிசை மேலும் போகும். பிரான்சில் நீதிமன்ற அலுவலராக இருந்துகொண்டே கணிதம் செய்த பெர்மா, 1640ஆம் ஆண்டுக் கடிதங்களில் இந்த வரிசை எண்கள் எல்லாமே முதன்மை எண்களாக (1ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடுபவையாக) இருக்கும் என்று தான் நம்புவதாக எழுதினார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் உண்மையிலேயே முதன்மை எண்கள். ஆறாவதைச் சோதிக்காமல் விட்டுவிட்டார். 1732இல் கணிதர் ஆய்லர் 4294967297 என்பது 641 × 6700417 என்று காட்டினார். ஆக நம் எண்ணின் முழுமையான காரணிப்படுத்தல் 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு முதன்மை எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. அதனால் மொத்தக் காரணிகள் 128. அதுவும் இரண்டின் வலு என்று சிலர் அதிசயப்படுவதுண்டு. ஏழு வெவ்வேறு முதன்மைக் காரணிகள் ஒவ்வொரு தடவை வந்தால் 128 தான் வந்தாக வேண்டும், அதில் அதிசயம் எதுவும் இல்லை.

641 எப்படிக் கிடைத்தது என்பதில்தான் எனக்கு ருசி. கண்ணை மூடிக்கொண்டு தேடியது கிடையாது. 4294967297ஐ ஒரு முதன்மை எண் வகுக்குமானால் அது 64இன் ஒரு மடங்கைவிட ஒன்று கூடியதாகவே இருக்க வேண்டும். இதற்கான நிறுவலை ஆய்லர் சில ஆண்டுகள் கழித்து எழுதினார். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று எழுதிப் பாருங்கள். முதன்மை அல்லாதவற்றை அடித்துவிட்டால் 193, 257, 449, 577 நான்கும் தோற்று, ஐந்தாவது முயற்சியிலேயே 641 அகப்பட்டுவிடும். பெர்மாவும் தன்னுடைய வேறு முடிவுகளைக்கொண்டு இதைச் செய்திருக்க முடியும். ஏன் செய்யவில்லை என்பதற்கு ஆளுக்கொரு ஊகம் சொல்கிறார்கள், எதற்கும் ஆதாரம் போதாது.

வகுத்துப் பார்க்காமலே 641 வகுக்கும் என்று காட்டவும் ஒரு வழி உண்டு. உயர்தர மாணவர்களிடம் இதைச் செய்து காட்டும்போது கடைசி வாங்கில் இருப்பவனும் நிமிர்ந்துவிடுவான். 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 625 + 16 என்றும், 5 × 128 + 1 என்றும். இப்போது 2³² = 16 × 2²⁸. அந்த 16க்குப் பதில் 641 − 625 போட்டால் 2³² = 641 × 2²⁸ − 625 × 2²⁸. பின்னால் நிற்கும் 625 × 2²⁸ என்பது 5இன் நான்காம் வலுவும் 128இன் நான்காம் வலுவும் பெருகியது, அதாவது 640⁴. ஆகவே 2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1). அடைப்புக்குள் இருப்பதை மடியுங்கள்: 640⁴ − 1 = (640² + 1)(640 + 1)(640 − 1). நடுவில் 641 இருக்கிறது. முடிந்தது. பலகையை மடித்த அதே வித்தியாசச் சூத்திரம் இங்கேயும் வேலை செய்திருப்பதைக் கவனியுங்கள்.

பெர்மா எண்களில் முதன்மையான அந்த ஐந்தும் வடிவியலிலும் ஓர் இடம் பிடித்திருக்கின்றன. நேர்விளிம்பையும் கவராயத்தையும் மட்டும் வைத்து எந்த ஒழுங்கான பல்கோணிகளை வரையலாம் என்ற கேள்வி கிரேக்கர் காலத்தது. 3, 5, 15 பக்கங்களை அவர்கள் வரைந்தார்கள், 7க்கு வழி கிடைக்கவில்லை. 1796இல், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத காவுஸ் 17 பக்கப் பல்கோணியை வரையலாம் என்று நிறுவினார். பக்க எண்ணிக்கை ஒற்றை என்றால், அது வெவ்வேறு பெர்மா முதன்மைகளின் பெருக்கமாக இருந்தால் வரையலாம். இல்லாவிட்டால் முடியாது என்ற மறுபாதியை 1837இல் வான்ட்செல் நிறுவினார். நமக்குத் தெரிந்த பெர்மா முதன்மைகள் இந்த ஐந்தே. ஆகவே வரையக்கூடியதாகத் தெரிந்த ஒற்றைப் பக்கப் பல்கோணிகளில் மிகப் பெரியதன் பக்கங்கள் 4,294,967,295, அதாவது நம் அரைப் பலகை நெல். முழுப் பலகை எண்ணுக்கு அந்தப் பேறு இல்லை, 641 உள்ளே புகுந்து கெடுத்துவிட்டது. 65537 பக்கப் பல்கோணிக்கு வழி எழுத ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டுக்கு மேல் செலவிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதி கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் இருக்கிறது. யார் படிப்பார்கள் என்று கேட்காதீர்கள்.

தங்கைக்குப் பிடிக்கக்கூடிய இன்னொன்று பாஸ்கல் முக்கோணம்: ஓரங்களில் 1 வைத்து, உள்ளே ஒவ்வொன்றையும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டாக எழுதுகிற எண் முக்கோணம். ஒவ்வொரு வரிசையிலும் ஒற்றை எண் வருகிற இடத்தில் 1, இரட்டை எண் வருகிற இடத்தில் 0 எழுதி, அதைத் துவித எண்ணாக, அதாவது கணினியின் 0, 1 இடங்களைப் போல, வாசிக்கச் சொல்லுங்கள். 1, 11, 101, 1111, 10001 என்று வரும். அதாவது 1, 3, 5, 15, 17. முதல் 32 வரிசைகளில் வரும் எண்கள் 4,294,967,295இன் 32 காரணிகளேதான். முதல் வரிசையின் 1ஐ விட்டால் மீதி 31ம் மேலே சொன்ன ஒற்றைப் பக்கப் பல்கோணிகள். 33ஆவது வரிசை 4294967297. 64ஆவது வரிசையில் உள்ள 64 எண்களும் ஒற்றை, ஆகவே 64 ஒன்றுகள். உங்கள் கையிருப்பு எண் அங்கேயும் வந்து நிற்கிறது.

இதுவரை சொன்ன கணிதத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. கதைகளுக்கு வரும்போது அப்படிச் சொல்ல முடியாது. பலகை நிறைய நெல்லையோ கோதுமையையோ அரசனிடம் பரிசாகக் கேட்ட அறிஞரையும் கொடுக்க முடியாமல் திணறிய அந்த அரசனையும் வரலாற்றில் தேட வேண்டாம். கணக்கு மட்டும் மிகப் பழையது. 1000ஆம் ஆண்டை ஒட்டி அல்பிரூனி என்ற அறிஞர் மீண்டும் மீண்டும் வர்க்கமாக்கும் வழியில் இந்தக் கூட்டுத்தொகையைக் கணித்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிக்கான் என்ற நூலாசிரியர் கதையோடு சேர்த்துப் பதிவு செய்தார். கேரளத்து அம்பலப்புழையில் கிருஷ்ணனே கிழவராக வந்து அரசனோடு சதுரங்கம் ஆடி வென்றதாகவும், அந்தக் கடனுக்குத்தான் இன்றும் பால்பாயசம் கொடுக்கிறார்கள் என்றும் சொல்வார்கள். அது தலபுராணம், அந்த மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம். காசிக் கோயிலில் பூசகர்கள் 64 பொன் தட்டுகளைத் தூணுக்குத் தூண் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்ற கதைக்கு அந்த மரியாதையும் வேண்டாம். 1883இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் விற்பனைக்கு விட்ட ஒரு விளையாட்டுப் பொருளோடு ஒட்டி வந்த கட்டுக்கதை அது. ஆனால் மூன்று தூண்களுக்குள், ஒரு தடவைக்கு ஒரு தட்டாக, சிறியதன்மேல் பெரியதை வைக்காமல் 64 தட்டுகளை மாற்றக் குறைந்தது 18446744073709551615 அசைவுகள் வேண்டும் என்பது உண்மை. செக்கனுக்கு ஒன்று என்றால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல், பிரபஞ்சத்தின் வயதைப் போல் 42 மடங்கு.

கணிதத்திலேயே தீராத பகுதியும் ஒன்று உண்டு. ஐந்துக்கு மேல் பெர்மா முதன்மை ஏதாவது இருக்கிறதா என்பது இன்றைக்கும் தெரியாது. 2³² + 1 தொடங்கி அடுத்தடுத்து 28 பெர்மா எண்கள் முதன்மை அல்ல என்று காட்டியாகிவிட்டது. இனி எதுவும் இருக்காது என்றே பெரும்பாலானோர் எண்ணுகிறார்கள், நானும் அப்படித்தான். ஆனால் நிறுவல் இல்லை, பெர்மாவின் நம்பிக்கைக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள் இதில் பந்தயம் கட்டத் தயங்குவார்கள்.

கைபேசி விஷயம் சுலபம். பல கணிப்பான்களும் அட்டவணை மென்பொருள்களும் 15, 16 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், மீதியைப் பூச்சியமாக்கிவிடும். அதனால்தான் உங்களுக்கு 552000 என்றும் இன்னொருவருக்கு 600000 என்றும் முடிகிறது. பிழை எண்ணில் இல்லை. சரிபார்க்க வேண்டுமானால் தாளில் பெருக்குங்கள்: 65,535 × 65,537, பிறகு அதை 4,294,967,297ஆல். அப்புறம் ஒரு சின்ன விஷயம், காரணிகளில் ஒன்றான 65537 உங்கள் கைபேசிக்குள் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. வங்கி இணையத்தளங்களைப் பாதுகாக்கும் ஆர்எஸ்ஏ மறையாக்கத்தில் பொதுத் திறவுகோலின் ஒரு பாகமாக அதைத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். துவிதத்தில் அதற்கு இரண்டே இரண்டு 1கள் என்பதால் கணினிக்கு வேலை குறைவு.

கணித விழாவுக்கு என்ன செய்யலாம் என்றால், எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். ஒரு பெரிய தாளில் 64 கட்டங்கள் வரைந்து, ஆறு தடவை மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் வருகிற காரணியை எழுதச் சொல்லுங்கள். அதுவே போதுமான காட்சி. உண்மையான நெல் வைப்பதென்றால் 16 கட்டங்களோடு நிறுத்துங்கள், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் செலவாகாது. பெரும்பாலான மணிகளை எண்ணாமல் எடைபார்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கும், அதையும் ஒளிக்காமல் தாளில் எழுதட்டும். கடைசியாக 4294967297ஐ 641ஆல் கரும்பலகையில் நீள்வகுத்தலாகச் செய்து காட்டலாம். ஈவு 6700417. நடுவில் இரண்டு பூச்சியங்கள் அடுத்தடுத்து வருகின்றன, பிள்ளைகள் சறுக்குகிற இடம் அதுதான். அந்த ஒரு வரியை மட்டும் முதல்நாள் இரவே இரண்டு தடவை எழுதிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.